யாரும் தொடாத பைக்

கரடுமுரடான பாதையில் பறக்கும் அந்தப் பழைய பந்தய பைக்கை அண்ணன் முப்பது வருடமாக யாரையும் தொட விடவில்லை. தம்பி அவரைக் கேட்காமலே அதை விற்க விளம்பரம் கொடுத்துவிட்டான். கடைசிப் பந்தயத்தில் அது அவரைக் கீழே தள்ளியபோது அப்பிய சேறுகூட அதிலிருந்து உதிரவில்லை.

"துடைச்சிருந்தா வாங்கவே மாட்டேன்" என்றார், பழைய வண்டிகள் சேகரிக்கும் பெரியவர்.

"நானே மெக்கானிக் சார். அண்ணன் என்னையே வண்டிகிட்ட விடலை" என்றான் தம்பி பெருமையாக.

பெரியவர் குனிந்து டார்ச் அடித்தார். "பிரேக் ராடு கழண்டு வராம பிடிக்கிற லாக் பின்னைக் காணோமே? துளையில ஒரு கீறல்கூட இல்லை. மாட்டவே மறந்துட்டாங்க போல. அப்புறம் எப்படி பிரேக் பிடிக்கும்?"

தம்பி டார்ச் வெளிச்சம் பட்ட அந்தத் துளையையே பார்த்தான். அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு வண்டியைத் தயார் செய்தவன் அவன்தான். 'வேகத்துக்குக் கிடைச்ச கூலி' என்று எல்லாரும் அண்ணனை ஏசியபோது, அவனும் சேர்ந்து ஏசியிருந்தான்.

வாசலில் வந்து நின்ற அண்ணன், "அந்த ராடே நான் போன மாசம் புதுசா மாத்தினதுதான், பின் இன்னும் மாட்டலை" என்றார் சாதாரணமாக.

கை பட்ட வண்டி வேண்டாமென்று பெரியவர் கிளம்பிவிட்டார்.

"உனக்கு எப்பண்ணே தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே. வேற மெக்கானிக் பார்த்தா உன் பொழைப்பு போயிடுமேன்னுதான்டா ஒருத்தனையும் தொட விடலை."

அண்ணன் காலை இழுத்து இழுத்துப் படியேறினார். தாங்கிப் பிடிக்க நீட்டிய கையைத் தம்பி பாதியிலேயே இழுத்துக்கொண்டான்.