கை கழுவினான்

ஒரு பழைய சிறுகதைக்குக் குறிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன். அதன் கடைசி வரி: "அண்ணனை விடுதியில் சேர்த்துவிட்டுத் தம்பி கை கழுவினான்."

பதிப்பகத்து எடிட்டர் போனில் கேட்டார். "சார், நிஜமாவே கை கழுவினானா, இல்ல அண்ணனைத் தலைமுழுகிட்டானா?"

"கை கழுவ, தலைமுழுக, ரெண்டுக்கும் இங்க தண்ணியே வேண்டாம் மேடம். வெறும் பேச்சு வழக்கு" என்று சிரித்தேன்.

'பொறுப்பை உதறிவிட்டான்' என்று பொருள் எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. என் அக்காவைக் காப்பகத்தில் விட்டு மூன்று வருடமாகிறது. ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானம் காப்பகத்து நர்ஸ் கூப்பிட்டார்.

"சார், இன்னிக்கும் குழாயை மூடாமப் போயிட்டீங்க."

"நானா? நான் அங்க வந்தே மூணு வருஷமாச்சும்மா."

"என்ன சார், விளையாடுறீங்களா? தினமும் காலையில வர்றீங்க. அக்கா ரூம் வாசல்ல கை கழுவுறீங்க. உள்ள வராம அப்படியே திரும்பிப் போயிடுறீங்க. பாவம், அவங்க துண்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

எழுதிய பொருளை அடிக்கப் பேனாவை எடுத்தேன். அது வழுக்கி விழுந்தது. என் விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியவைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன.