வெறும் வண்டி

அக்காவின் பழைய சரக்கு வேன் காலியாக நின்றாலும் பின்பக்கம் தாழ்ந்தே இருந்தது. மெக்கானிக்கான தம்பி ஸ்பிரிங் பட்டைகளைப் புதிதாக மாற்றினான். அப்போதும் அது நிமிரவில்லை.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கியர்பாக்ஸ் கத்துது, அடியில துரு, பக்கத்து சீட் பெல்ட் மாட்டவே மாட்டேங்குது. பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடுக்கா."

"இதை ஓட்டித்தான் பிள்ளைங்களைப் படிக்க வெக்கிறேன். போட மாட்டேன். திரும்பப் பாரு."

திரும்பவும் பார்த்தான். பட்டைகளில் குறையில்லை. உள்ளே கிடந்த துடைப்பத்தைக்கூட இறக்கிவிட்டான். ஆனாலும் வேன் மூட்டை ஏற்றியதுபோலவே அமுங்கி நின்றது.

அக்கா பின்கதவுகளைத் திறந்தாள். இடுப்பில் கைவைத்து, உள்ளே இருந்த வெற்றிடத்தை முறைத்தாள்.

"யாரா இருந்தாலும் இறங்கு. சரக்கு ஏத்துற இடத்துல நான் ஆள் ஏத்துறதில்ல."

பட்டைகள் முனகின. வேனின் பின்பக்கம் மெல்ல உயர்ந்து மட்டத்துக்கு வந்தது. தம்பியின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது.

"பார்த்தியா? வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

கதவுகளைச் சாத்திவிட்டு முன்னால் ஏறி, தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினாள். அப்போது வேனின் முன்பக்கம், பக்கத்து இருக்கை இருந்த பக்கமாக, கொஞ்சம் தாழ்ந்தது.

அக்கா பெருமூச்சு விட்டாள். அந்த இருக்கையிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெல்ட்டைப் போடு," என்றாள், சாலையைப் பார்த்தபடி.

பெல்ட் மாட்டிக்கொள்ளும் சத்தம் வெளியே நின்ற தம்பிக்கும் கேட்டது.