வெள்ளச்சி கற்ற மெஷின்

முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்த அணில்களில் வெள்ளச்சியும் ஒருத்தி. கடல் கடந்து கொட்டை உடைக்கும் மெஷின் ஒன்று வந்ததும், குரங்கு முதலாளி எல்லா அணில்களையும் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

ஒரே மாதத்தில், வெளிநாட்டுக்குப் போன மூட்டைகள் திரும்பி வந்தன. உள்ளே அத்தனையும் நொறுங்கிய பருப்பு. தினமும் வேலை கேட்டு ஆலை வாசலில் நின்ற வெள்ளச்சியிடம் முதலாளி அதைக் காட்டினார்.

“சின்னக் கொட்டை, பெரிய கொட்டை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா நொறுங்கத்தான் செய்யும் முதலாளி.”

“மெஷினைச் சரிபண்ணத் தெரியுமா உனக்கு?”

“கொட்டையைப் பத்தித் தெரியும். மெஷினைப் பிரிச்சுக் காட்டுங்க, அதையும் கத்துக்கறேன்.”

கொட்டைகளைச் சின்னது, பெரியது என்று பிரித்து, அந்தந்த அளவுக்கு மெஷினின் பற்களைத் தள்ளிவைக்கப் பத்து நாள் மல்லுக்கட்டினாள். பதினோராம் நாள் முழுப்பருப்பாக விழுந்தது. ஆர்டர் இரண்டு மடங்கானது.

“இன்னும் ரெண்டு மெஷின் வாங்கப்போறேன். பார்த்துக்க ஆள் கிடைக்குமா?” என்றார் முதலாளி.

“என்கூட வேலை பார்த்தவங்க இருக்காங்க. நான் சொல்லித்தரேன்,” என்ற வெள்ளச்சி, அப்போதே அவர்களைத் தேடித் தோப்புக்கு ஓடினாள்.