ஜீப்புக்கு ராஜமரியாதை

ஜவ்வாது மலைக்கு ஜீப்பில் வந்த அதிகாரி, விவசாயத்தில் பட்டம் வாங்கியவர். ஊர்ப்பாதையைப் பார்த்ததும் நெகிழ்ந்துபோனார்.

"எனக்காகவா இவ்ளோ வைக்கோல் பரப்புனீங்க?"

"பெரியவங்க வர்ற வழி. தூசு பறக்கலாங்களா?" என்றான் சடையன்.

"உழவு மாடு கேட்டு மனு குடுத்தியே?"

"மூணு வருசமாச்சுங்க."

"பரிசீலனையில இருக்கு." பிறகு விவசாய முன்னேற்றம் பற்றி ஒரு மணி நேரம் முழங்கினார்.

கிளம்பும்போது சடையன் கும்பிட்டான். "கோயில் வரைக்கும் ரெண்டு வாட்டி போய்ட்டு வாங்க சாமி. ஊரே பாக்கணும்."

அதிகாரி நாலு தடவை போய்வந்தார்.

ஜீப் மறைந்ததும் சடையனின் மனைவி செல்லி முறத்தோடு வந்து பாதையில் கிடந்த தாளை அள்ளி ஒதுக்கினாள். அடியில் சாமை மணிமணியாக உதிர்ந்து கிடந்தது.

"இனிமே மாடே வேணாம்யா," என்றாள். "வருசாவருசம் கதிரடிக்க இந்த ஐயாவையே அனுப்பச் சொல்லி மனு குடு!"