ஐந்தாங்கட்டைப் பக்கம்

தூக்குவதா, விட்டுவைப்பதா என்று முடிவெடுக்க அன்று மூன்று பேர் கூடியிருந்தார்கள். நாவற்குடா வாசிகசாலையின் பின்னறையில், யன்னலோரக் கதிரையில் தலைவர் நல்லரத்தினம் சேர். மேசைத் தலைமாட்டில் மடிக்கணினியோடு நிலோஜன். அவனுக்கு எதிரே வெள்ளைத் தாளும் பேனையுமாய் ஷாகிரா.

கதவடிக் கதிரையின் நுனியில், தீர்ப்புக் கேட்க வந்தவளைப்போல புஸ்பம் அம்மா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தூக்க இருந்தது ஆளை அல்ல, பக்கத்தை. மட்டக்களப்பு ஊர்களைப் பற்றி இவர்கள் இணையத்தில் எழுதிவரும் கலைக்களஞ்சியத்தில் உள்ளே ஒன்றுமில்லாத பக்கங்கள் கொஞ்சம் கிடந்தன. ஒரு பேரைத் தட்டினால் இன்னொரு பக்கத்துக்குக் கைகாட்டி விடும். அதற்கு மேல் அவற்றுக்கு வேலை கிடையாது.

“அடுத்தது அஞ்சாங்கட்டை,” என்றான் நிலோஜன். “தட்டினா நறுவிலடிச்சேனைப் பக்கத்துக்குப் போகும். அந்த ஊருக்குத்தான் சொந்தமாப் பெரிய பக்கம் இருக்கே. இது வீண். தூக்குவம்.”

சேர் கண்ணாடியைக் கழற்றினார். “நானும் அந்த ஊர் இருக்கிற படுவான்கரையில பொறந்து வளந்தவன்தான். நறுவிலடிச்சேனையை அஞ்சாங்கட்டை எண்டு ஊரில ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல. எங்க பொறுக்கின பேர் தம்பி இது?”

“பழைய ரோட்டு மெப் ஒண்டில, அஞ்சாம் மைல்கட்டைக்குப் பக்கத்தில கிடந்திச்சி சேர். ஆசையில போட்டுட்டன்.”

“உனக்கு ஆசை வந்தா ஊருக்கே பேர் மாறிப்போகும்!”

ஷாகிரா சிரித்தாள். புஸ்பம் அம்மா சிரிக்கவில்லை.

“அதை அழிச்சிராத மனே,” என்றாள். “அதுக்காகத்தான் விடியவே பஸ் ஏறி வந்தனான். ஆவணி மாசத்தில ஆரோ அதைத் திறந்து பாக்கிறதாம். எங்கட நறுவிலடிச்சேனையில இருந்து உங்களுக்கு எழுதித் தாற கஜானி சொன்னாள்.”

நிலோஜன் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தான். “ஓம் அம்மா. வருசத்துக்கு ஒருக்கா, ஆவணியில மட்டும். மற்ற மாசத்தில ஈ காக்கா இல்ல.”

“அந்தப் பேரைப் போட்டுத்தானா தேடுறான்? நறுவிலடிச்சேனை எண்டு போடல்லியா?”

“இல்ல. அஞ்சாங்கட்டை எண்டுதான்.”

புஸ்பம் அம்மாவின் கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது. “அப்ப அவன்தான்,” என்றாள்.

புஸ்பம் அம்மாவின் ஒரே மகன் ரதீஸை, சண்டைக் காலத்தில் இப்படியொரு ஆவணியில்தான் வீட்டு வாசலில் வைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றினவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்தத் தாய்க்காகக் காரியாலயம் காரியாலயமாய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தவள் ஷாகிரா. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

ஏதோ ஒரு நாட்டில் பேரை மாற்றிக்கொண்டு ஒளிந்திருக்கிறான் ரதீஸ். வருசத்துக்கு ஒருக்கா, சொந்த ஊரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். ஷாகிராவின் கண்ணுக்குள் அந்தக் காட்சி ஓடியது.

“தேடுற மெஷினும் சில நேரம் தானாப் பக்கத்தைத் திறக்கும் மிஸ்...” என்று நிலோஜன் இழுத்தான்.

“மெஷினுக்கு ஆவணி தெரியுமாடா? பேசாம இரு,” என்றார் சேர். “அந்தப் பக்கத்தை வைக்கிறம். முடிஞ்சிது.”

புஸ்பம் அம்மா எழும்பவில்லை. “புள்ள, அதில ஒரு வரி எழுதணும். வாறவன் வாசிக்கிறதுக்கு.”

“கலைக்களஞ்சியத்தில கடிதம் எழுதேலாது அம்மா,” என்றான் நிலோஜன். “கொழும்பில தளத்துக்குப் பொறுப்பானவங்க விட மாட்டாங்க.”

“கேட்டுப் பாப்பம். கையெழுத்தோட தபாலில போனாத்தான் அவங்க திரும்பியே பாப்பாங்க,” என்றார் சேர். “நீங்க எழுதுங்க ஷாகிரா.”

விண்ணப்பத்தை எழுதி முடித்து, சேர்க்கவேண்டிய வரிக்கு வந்தாள் ஷாகிரா. ‘அன்பு மகன் ரதீஸுக்கு’ என்று தொடங்கினாள். புஸ்பம் அம்மா தாளின் மேல் கையை வைத்தாள்.

“பேர் போடாத புள்ள. வாறவனுக்குத் தெரியும்.”

“அப்ப என்னம்மா எழுத?”

“தாய் உசிரோடதான் இருக்கிறா. ஆரிட்டயும் சொல்ல மாட்டா. இனிக் கோவமில்ல. எங்க எண்டு மட்டும் சொல்லு.” ஒரே மூச்சில் சொன்னாள். பலநாள் மனதில் ஓட்டிப் பார்த்த பேச்சுப்போல இருந்தது.

சேர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஷாகிரா உறையின் ஓரத்தைப் பசையால் ஒட்டி, விரலால் நீவிவிட்டாள்.

சந்தித் தபால் பெட்டி வரைக்கும் இரண்டு பெண்களும் நடந்தே போனார்கள். புஸ்பம் அம்மா தன் கையாலேயே கடிதத்தைப் போட்டாள். உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை காதைக் கிட்ட வைத்திருந்தாள்.

“கவலப்படாதீங்க அம்மா,” என்றாள் ஷாகிரா. “வாற ஆவணிக்கு ரதீஸ் இதப் பாப்பான்.”

“ரதீஸுக்கு அந்தப் பேரே தெரியாது புள்ள.” பெட்டியில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. “அவனை ஏத்தினவன்தான் எங்கட வாசலில நிண்டு ஆருக்கோ போன்ல சொன்னான், ‘அஞ்சாங்கட்டையில ஆள எடுத்தாச்சி’ எண்டு.”