தானே நிமிரும் படகு

படகுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அறிவழகனுக்குத் தலை சுற்றியது. பன்னிரண்டு மணிக்கு வெங்கடாசலம் படகைப் பார்க்க வருகிறார், இப்போதே மணி பத்தரை.

“எங்கடா ஒழுகுது?” என்று கத்தினான்.

“ஒழுகலைங்க மாமா, நாங்கதான் ஊத்தினோம்,” என்றான் மைத்துனன் மாதேஷ், கையில் ஹோஸ் பைப்போடு. “ரெண்டு மணி நேரமாச்சு, ஒரு சொட்டு வெளிய வரல. நம்ம பட்டறையில எதையும் இப்பிடித்தான் டெஸ்ட் பண்ணுவோம்.”

நல்லம்பள்ளியில் மாதேஷின் பட்டறை செய்வது ஃபைபர் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை நிரப்பிப் பார்த்தே பழகியவர்கள் படகையும் நிரப்பிவிட்டார்கள். அதோடு விடவில்லை. உட்காரும் தளத்தில் அறிவழகன் வேண்டுமென்றே விட்டிருந்த இரண்டு ஓட்டைகளையும் ரெசின் வைத்து அடைத்திருந்தார்கள்.

“அறிவிருக்காடா உங்களுக்கு? வெளிய இருக்கற தண்ணி உள்ள வராம இருக்கணும், அதான் படகு. உள்ள ஊத்தி வெளிய வருதான்னு பாக்கறீங்க! அந்த ஓட்டை, மேல அடிக்கற அலைத்தண்ணி தானா வடியறதுக்கு வெச்சது. உங்கிட்ட செய்யக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“இல்லீங்க மாமா, அவரு மொதல்ல இங்க வந்து கேட்டப்பவே…”

“வாயத் தொறக்காத. தொட்டி செய்யறவனுக்குக் கடலைப் பத்தி என்னடா தெரியும்?”

மாதேஷ் ஹோஸ் பைப்பைச் சுருட்ட ஆரம்பித்தான். அறிவழகனும் கடத்தூர்க்காரன்தான், இருபத்திரண்டு வயதில்தான் கடலையே பார்த்தான். அதையெல்லாம் இந்த நேரத்தில் அவனிடம் யார் சொல்வது?

சென்னையில் ஒரு படகுக் கம்பெனியில் பதினான்கு வருடம் அடுத்தவர் வரைந்த படங்களைச் சரிபார்த்துக் கொடுத்தவன் அவன். சொந்தமாக வரைந்ததில் ஒன்றைக்கூட யாரும் கட்டவில்லை. முதல்முதலாகக் கட்டியிருப்பது இந்த ஒன்றைத்தான், இதற்காக வேலையையும் விட்டுவிட்டான். வெங்கடாசலம் உதட்டைப் பிதுக்கினால் மறுபடியும் போய் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

வெங்கடாசலம் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். அவரை அறிவழகன் நேரில் பார்த்ததில்லை, பேச்செல்லாம் மாதேஷ் வழியாகத்தான். நிஜப் படகாகவே இருக்க வேண்டும், பதினெட்டு அடியைத் தாண்டக் கூடாது, பாய்மரம் கட்டாயம், கிரேனில் தூக்க நாலு கொக்கி வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கொக்கி துறைமுகத்தில் இறக்கத்தான் என்று அறிவழகன் உடனே புரிந்துகொண்டான். “ஒரு தக்காளி வியாபாரிக்கு இருக்கற விவரம் உன் தம்பிக்கு இல்லையே,” என்று மனைவி சுசித்ராவிடம் தினமும் சொன்னான். அவளும் தினமும் கேட்டுக்கொண்டாள்.

தண்ணீரை இறைத்து, துடைத்து, ஓட்டைகளை மறுபடி துளைத்து முடிக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

வெங்கடாசலம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகை ஒரு சுற்று வந்தார். அறிவழகன் விடாமல் கூடவே போனான்.

“அடியில துடுப்பு மாதிரி தொங்குதுங்களே, அது கீல். உள்ள இருநூத்தம்பது கிலோ ஈயம். படகு சாஞ்சாலும் தானே நிமிந்துக்கும் சார்.”

“அதுக்குத் தோதா ஒரு ஸ்டாண்டு போட்டுக்கறேனுங்க. காத்தடிச்சா அசையாதில்ல?”

“புயல்லயே நிக்கும்.”

“வெயில்ல கலரு வெளுத்துராதே?”

“இருவது வருசம் ஆனாலும் இதே பளபளப்புதான். உப்புக்காத்துக்கே தாங்கும் சார்.”

வெங்கடாசலம் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். இத்தனை நுணுக்கமாகப் பார்க்கும் மனிதரைச் சென்னையில்கூட அறிவழகன் கண்டதில்லை.

“ரெண்டு பேரு படுக்கலாம், அடுப்பு வெச்சுக்கலாம். பத்து நாள் கரைக்கே வரவேண்டியதில்லீங்க.”

“அதெல்லாம் யாருக்குங்க வேணும்?” என்று அவர் சிரித்தார். பெரிய மனிதர் சிரிக்கிறாரே என்று அறிவழகனும் சிரித்துவைத்தான்.

ஓரமாக நின்ற மாதேஷ் மெதுவாக ஆரம்பித்தான். “நாங்க தண்ணி ஊத்திப் பாத்தோமுங்க…”

அறிவழகன் முறைத்த முறைப்பில் மீதி வார்த்தையை விழுங்கினான்.

“மன்னிச்சுக்கங்க சார். காலம்பூரா தொட்டி செஞ்ச ஆளுங்க. படகுன்னா என்னன்னே இவனுங்களுக்குத் தெரியாது.”

வெங்கடாசலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அறிவழகனைப் பார்த்துக் கும்பிட்டார்.

“எனக்கு முழுத் திருப்திங்க. அச்சு அசல் கப்பலேதான். நாளைக்கே எடுத்துக்கறேன்.”

அறிவழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு வருடம் அந்த நாற்காலியில் பட்டதெல்லாம் இதற்குத்தான் என்று தோன்றியது. தன் படகு தண்ணீரைத் தொடும்போது தான் பக்கத்தில் நிற்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

“எங்க சார் எறக்கறீங்க? புதுச்சேரியா, காரைக்காலா? நானும் கூட வரேன்.”

வெங்கடாசலம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றும் விளங்காமல் மாதேஷ் பக்கம் திரும்பி, அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“எம் பங்காளி வூட்டு மாடியில ஏரோப்ளேன் மாதிரியே தண்ணித் தொட்டி வெச்சிருக்கான், ரெண்டாயிரம் லிட்டரு. இது எத்தனை புடிக்கும் தம்பி?”