பிஸ்கட் டின்னில் விழுந்த முகம்

போராட்டத்துக்குப் போனவர்களின் உருவம் இப்போது எந்தக் கேமராவிலும் விழுவதில்லை. சூசையும் போனவன்தான். மகளைப் பள்ளியில் சேர்க்க அப்பாவின் படம் கேட்டார்கள். அவன் மனைவி அமலோற்பவம் பிஸ்கட் டின்னில் ஊசியால் துளையிட்டு, உள்ளே ஃபிலிமை ஒட்டி, தானே ஒரு கேமரா செய்தாள். சூசை வெயிலில் நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்தான். குளியலறையை இருட்டாக்கி ஃபிலிமைக் கழுவி அச்செடுத்தபோது, தாளில் அவன் முகம் மெல்லத் தெளிந்தது.

இருவரும் பள்ளிக்கு ஓடினார்கள். எழுத்தர் படத்தை ஸ்கேனரில் வைத்தார். திரையில் காலி நாற்காலி மட்டும் வந்தது.

"கண்ணால பாருங்க சார்! ஆளே உங்க முன்னாடி நிக்கிறாரு!"

"எனக்குத் தெரியுதும்மா. என் கண்ணை யாரு கேக்குறாங்க?" என்றவர், சூசையை நிமிர்ந்து பார்க்காமலே, 'தகப்பன் இல்லை' என்று பதிந்தார்.